ஒரே ஒரு முறை தேர்ந்தெடுக்கப்பட்ட அரசன்

புலம்பெயர்ந்து வந்து குடியேறிய டூட்டிங்கில் எங்கள் ஓய்வூதியர் சங்கம் இரண்டு கட்சியாகி அடித்துக்கொண்டிருந்தபோது, அந்த அரசனின் கதையை எடுத்துவிட்டவன் நான்தான். சனிக்கிழமைதோறும் அங்கே வரலாறு பேசுவேன். கவுன்சிலில் கூட்டம் நடத்தியே உத்தியோக காலத்தைக் கழித்த எனக்கு, ஓய்வுக்குப் பிறகு மிஞ்சியது அந்த ஒரு மணித்தியாலம்தான்.

அன்று எட்டாம் நூற்றாண்டு வங்காளத்தைப் பற்றிப் பேசினேன். ஊருக்கொரு தலைவன், பெரிய மீன் சின்ன மீனை விழுங்கிய காலம். பொறுக்க முடியாமல் எல்லோரும் கூடி ஒருவனை அரசனாக்கினார்கள். பௌத்தர்களான பால வம்சத்தின் தொடக்கம் அது.

"அப்ப நாங்களும் ஒராளைப் போடுவம்" என்றது பின்வரிசை. "விழுங்கிற மீன் இஞ்ச கனக்கக் கிடக்கு."

என் நண்பர் ஒருவரை முன்மொழிந்தேன்; சங்கம் ஏற்றுக்கொண்டது. பல வருடம் ஒரே ரயிலில் வேலைக்குப் போனவர்கள் நாங்கள். ஒரு வருடம் மட்டும் தலைவர், பிறகு முறையான தேர்தல் என்று என் வீட்டுச் சோபாவில் இருந்து வாக்குக் கொடுத்திருந்தார்.

வருடம் முடிந்து ஆண்டுக் கூட்டம் வந்தது. "இப்பதான் சண்டை ஓய்ஞ்சிருக்கு. இனியும் ஒரு எலெக்சன் தேவையோ?" என்றார் நண்பர். கைதட்டினார்கள். அதே மூச்சில் தன் மகனைச் செயலாளர் என்றார். அதற்கும் தட்டினார்கள்.

எழுந்தேன். "கைதட்டு வாக்கில்லை. எனக்கு நீர் என்ன சொன்னனீர்?"

"அண்ணை, கதை சொன்னது நீங்கள். அந்த ராசாவுக்குப் பிறகு ஆர் வந்தது?"

"மகன்."

"எலெக்சன் வச்சவையோ?"

வரலாற்றில் பொய் சொல்ல எனக்கு வராது. "இல்லை" என்றேன். மண்டபமே சிரித்தது.

சொல்லியிருக்க வேண்டிய பதில் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. மக்கள் கூடித் தேர்ந்தார்கள் என்பதை நமக்குச் சொல்வதே அந்த அரசனின் மகன் வெளியிட்ட செப்பேடுதான். அப்பாவின் தேர்தலை மகன் எழுதினால் வேறெப்படி இருக்கும்? எங்கள் புதிய செயலாளரின் கூட்டக் குறிப்பும் அப்படியே: தலைவர் ஏகமனதாகத் தெரிவு. நான் எழுந்து நின்றது அதில் இல்லை. என் சனிக்கிழமை நேரம் யோகாவுக்குப் போயிருந்தது.

நண்பர் போன் எடுத்தார். "கோவமோ அண்ணை? யோகாவுக்கு வாங்கோ, மனம் ஆறும்."

"அதை ஆர் முன்மொழிஞ்சது?"

பகிடி என்று நினைத்துச் சிரித்தார். ரயில் காலத்திலிருந்து அவர்தான் எப்போதும் முதலில் "வைக்கிறன்" என்று போனை வைப்பார். அன்று நான் வைத்தேன்.