கிட்டாருக்குத் தண்ணீர் ஊற்றிய கோடை

எங்கள் பங்குக் கோவிலின் பாடற்குழுவில் நான் கிட்டார் வாசிக்கிறேன். போன கோடையில் பங்குச் சாமியார் ஸ்டோர் ரூமைக் காலி செய்தபோது, அங்கே கிடந்த பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரை என் தலையில் கட்டிவிட்டார். நான்தான் ஆசைப்பட்டுக் கேட்டதாக அவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆர்.எஸ்.புரத்தில் நான் குடியிருக்கும் மாடிக்கு அதைத் தூக்கி வந்த ஆட்டோக்காரர், மூச்சு வாங்கியபடி, "உள்ள என்னங்க, சாமி சிலைங்களா?" என்று கேட்டார்.

சுவிட்சைப் போட்டதும் கண்ணாடிக் குமிழ்களான வால்வுகள் செந்தணலாகக் கனன்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்து 'ம்ம்ம்' என்று அதன் அடிவயிற்றிலிருந்து ஓர் இரைச்சல் கிளம்பியது. கிட்டாரை மீட்டினால் அதற்கு மேல் ஒரு கரகரப்பு, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல.

டவுன்ஹால் பக்கம் பழைய ரேடியோக்களைச் சரிசெய்யும் ஒரு பாயிடம் கொண்டுபோனேன். பெரிய கன்டென்சர்கள் உப்பிப்போயிருந்தன, மாற்றிக் கொடுத்தார். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே கரண்டு தங்கியிருக்கும், அந்தப் பக்கம் கையை விட்டுவிடாதீர்கள் என்று மிரட்டியும் அனுப்பினார். இரைச்சல் பாதியானது. மீதிப் பாதி என்னோடு விளையாடியது. கிட்டார் கம்பியைத் தொட்டால் அடங்கும், கையை எடுத்தால் முனகும்.

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அக்கா இட்லி மாவு அரைத்து விற்பவர். அவருடைய கிரைண்டர்மீது எனக்குச் சந்தேகம். கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். நிறுத்தினார். முனகல் நிற்கவில்லை. அக்காவின் முகம் சுருங்கிப்போனது.

"என்ற கிரைண்டரு இத்தன வருசமா ஒருத்தரையும் ஒரு சொல்லு சொன்னதில்லீங்க அம்மணி" என்றார். நான் கிரைண்டர் இருந்த திசையைப் பார்த்தே மன்னிப்புக் கேட்டேன்.

சில நாள் கழித்து, நான் எதையும் தொடாமலே இரைச்சல் திடீரென்று செத்துப்போனது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். அக்கா பின்கட்டுத் துவைக்கிற கல்லில் பவானி ஜமக்காளத்தை அலசிக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வெயிலில் தரை காய்ந்ததும் முனகல் திரும்பியது. மறுநாள் நானே ஒரு வாளி ஊற்றிப் பார்த்தேன். மறுபடி அமைதி.

எலக்ட்ரீஷியன் வந்து, வீட்டின் எர்த் குழி அந்தக் கல்லுக்கு அடியில்தான் இருக்கிறது, மண் வறண்டு எர்த் சரியாக இறங்கவில்லை, அதனால்தான் இரைச்சல், கல்லைப் பெயர்த்துப் புதிதாகக் குழி எடுக்க வேண்டும் என்றார். கல்லைப் பெயர்க்க அக்கா சம்மதிக்கவில்லை. வேண்டுமானால் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன் என்றார். சொன்னபடியே செய்தார். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெரியவர் மதிலுக்கு மேலாக, கல்லுக்கு ஏன் தண்ணீர் விடுகிறீர்கள் என்று அவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"அம்மணி கிட்டார் வாசிக்கப் போகுதுங்க. அதுக்குத்தான் ஊத்தறேனுங்."

பெரியவரின் தலை மதிலுக்குப் பின்னால் மறைந்தது.

கரகரப்பு மட்டும் பாக்கி இருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் பின்பக்க இடைவெளி வழியாக உள்ளே இருக்கும் ஸ்பீக்கருக்குள் டார்ச் அடித்தேன். இரும்புச் சட்டத்துக்கும் காகிதக் கூம்புக்கும் இடையில் இரண்டு பல்லி முட்டைகள். கூம்பு அதிரும்போதெல்லாம் அவை அதில் உரசிக்கொண்டிருந்தன. எடுத்துவிடலாம் என்று ஒரு குச்சியைத் தேடிப் பிடித்தேன். அதற்குள் அக்கா மாடியேறி வந்து பார்த்துவிட்டார்.

"பிரசவமாகற ஊட்டுல ஆராச்சும் பாட்டு வெப்பாங்களா அம்மணி?"

 குச்சியைக் கீழே வைத்தேன். அன்றிலிருந்து ஆம்ப்ளிஃபயர் ஓய்வெடுத்தது. பாடற்குழுவினர் ஒத்திகைக்கு வந்தபோது, அக்கா படியிலேயே அவர்களை நிறுத்தி, மெதுவாகப் பாடச் சொல்லி அனுப்பினார். ஆண்டவரின் மகிமையைக் கிசுகிசுத்துவிட்டுப் போனார்கள். திருவிழாவுக்குள் ஆம்ப்ளிஃபயர் தயாராகிவிடுமா என்று சாமியார் போனில் கேட்டார். முட்டை பொரிந்ததும் தயார் என்றேன்.  எனக்காக ஜெபிப்பதாகச் சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

தினமும் காலையில் அக்கா வந்து டார்ச் அடித்துப் பார்ப்பார். எனக்கும் அந்தக் கவலை தொற்றிக்கொண்டது. ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போது, ஜன்னலை மூடினோமா, பூனை வந்திருக்குமோ என்றெல்லாம் யோசித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது அக்கா என் வாசற்படியில் காத்திருந்தார். முட்டை ஓடுகள் உடைந்திருந்தன. குட்டிகளைக் காணோம். புருவம் திருத்தும் இடுக்கியால் ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். அக்கா கீழே போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார். சுவிட்சைப் போட்டு, வால்வுகள் சூடேறும்வரை காத்திருந்து, ஒரே ஒரு கம்பியை மீட்டினேன்.

முனகல் இல்லை. கரகரப்பும் இல்லை. உருண்டு திரண்ட ஓசை எழுந்து, அறையைச் சுற்றி வந்து, மெல்லக் கரைந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா காதைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டார்.

"இவ்வளவுதானுங்களா?" என்றார்.

இவ்வளவுதான் என்றேன்.