எழுபதுக்குள் ஒரு ‘வரவும்’

சிம்மக்கல் பக்கம் ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பில் வேலை பார்த்தேன். மறுநாள் வரவேண்டியவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதும் என் பொறுப்புதான். ஆங்கிலத்தில் அனுப்பிய காலத்தில், படிக்கத் தெரியாமல் நாள் தவறி வந்தவர்கள் என்னிடம்தான் சண்டை போட்டார்கள். தமிழுக்கு மாறினோம். மாதக் கடைசியில் மேலாளர் கூப்பிட்டார்.

“என்னம்மா, பில்லு ரெண்டு மடங்கா வந்திருக்கு?”

ஆங்கிலத்தில் நூற்றறுபது எழுத்து வரை ஒரு செய்தி. தமிழில் எழுபதுதான், அதற்கு மேல் போனால் இரண்டு செய்திக்கான காசு. புள்ளி, கொம்பு, கால், இடைவெளி எல்லாவற்றையும் போன் கம்பெனிக்காரர்கள் தனித்தனியாக எண்ணுவார்கள். ‘மணி’ நமக்கு இரண்டெழுத்து, அவர்களுக்கு மூன்று. “எழுபதுக்குள்ள முடிச்சிரும்மா” என்றார் மேலாளர்.

மருத்துவமனையின் பெயரே முப்பத்தேழு. அதில் கை வைக்க முடியாது. முதலில் வணக்கத்தை எடுத்தேன். பிறகு ‘தங்கள்’, ‘தவறாமல்’, ‘மணி’. அப்படியும் நான்கு எழுத்து மிஞ்சியது. வரிசையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள், காலையிலிருந்து தலைவலி வேறு. ‘வரவும்’ என்பதை ‘வா’ ஆக்கினேன். மருத்துவமனைப் பெயரோடு சேர்த்துச் சரியாக எழுபது. ‘கண் சோதனை நாளை 10. சீட்டுடன் வா.’ அனுப்பும் வாசகத்தைப் போன் கம்பெனியில் முன்கூட்டியே பதிய வேண்டும்; அதைப் பதிவு செய்து ஒப்புதலும் வாங்கியாயிற்று. தினமும் நூற்றுக்கணக்கான பேருக்குப் போனது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து, பரவைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். டாக்டரைப் பார்த்துவிட்டு என் எதிரே வந்து போனை நீட்டினார்.

“ஏம்மா, இத எழுதுனது யாரு?”

“நான்தாண்ணே.”

“எங்கப்பா கூலிக்குப் போன காட்டுல அவர வாடா போடான்னுதான் கூப்புட்டாக. என்னைய அப்புடி ஒருத்தரும் கூப்புடக் கூடாதுன்னுதான் அம்புட்டுப் பாடுபட்டேன். எம்மக இதப் படிச்சுட்டு எம் மூஞ்சியவே பாக்குது.”

ஒரு தாளை எடுத்து எழுத்துகளை எண்ணிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

“நாலு எழுத்துக்கா?”

“ஆமாண்ணே. அது கூடுனா எல்லாருக்கும் ரெண்டு ரெண்டா போகும்.”

“சரிம்மா. ஒங்க கஷ்டம் ஒங்களுக்கு.” சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

மேலாளரிடம் சொன்னேன். “ஒருத்தர் சொன்னாருன்னு மாத்த முடியுமா? திரும்ப மொதல்லருந்து பதியணும்” என்றார். சொன்னவர் ஒருவர், சொல்லாமல் போனவர்கள் எத்தனை பேரோ. அதை நினைத்தாலே அலுப்பாக இருந்தது.

இரண்டு நாள் டவுன் பஸ்ஸில் நின்றபடியே அந்த வரியை விரல்விட்டு எண்ணினேன். ‘கண்’ கண்ணில் பட்டது. கண் மருத்துவமனையில் வேறு என்ன சோதனை செய்வார்கள்? பின்னால் ஒட்டியிருக்கும் இடைவெளியோடு சேர்த்தால் நான்கு. அதை எடுத்துவிட்டு ‘வரவும்’ சேர்த்தேன். காசு கூடவில்லை என்றதும் மேலாளர் தலையாட்டினார். ஒப்புதல் வர மூன்று வாரம் ஆனது. அதுவரை ‘வா’தான் போய்க்கொண்டிருந்தது.

அதற்குள் அந்தக் கிராமத்துக்காரர் மறுபடி வரவேண்டிய நாள் வந்தது. அவருக்கு மட்டும் செய்தி அனுப்பாமல் நானே போன் செய்தேன். “நாளைக்குப் பத்து மணிக்கு வாங்கண்ணே. சீட்டு எடுத்துட்டு வாங்க.”

“மெசேஜ்ல வருமே?”

“இல்லண்ணே, சொல்லலாம்னுதான்.”

“சரி, வாரேன்.”

வந்தார். பிறகு அறுவை சிகிச்சைக்கும் வந்தார். கடைசிப் பரிசோதனைக்குப் புதுச் செய்திதான் அவருக்குப் போனது. கறுப்புக் கண்ணாடியோடு மகள் கையைப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். ஏதாவது சொல்வார் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

“ஏம்மா, தண்ணி எங்கிட்டுப் புடிக்கிறது?”

மாடிப்படிக்குக் கீழே என்று கை காட்டினேன். மகள் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.