தம்பியின் ஒரே படம்

தம்பி இறந்து ஏறத்தாழ முப்பது வருடங்களுக்குப் பிறகு அவன் முகத்தை மறுபடி பார்த்தோம். கனடாவில் இருக்கும் சித்தியின் மகள் என் கைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். வேறு ஏதோ நாட்டு அகதிகளைப் பற்றிய வெளிநாட்டுச் செய்தி ஒன்றில் பழைய படங்களையும் போட்டிருந்தார்களாம். அதில் ஒன்று எங்கள் தம்பி.

அப்பாவின் தோளில் கிடந்து வாய் பிளந்து அழுகிறான். மழையில் தலைமயிர் நெற்றியோடு ஒட்டியிருக்கிறது. அப்பாவின் முகம் படத்தில் இல்லை. நனைந்த சட்டை மட்டும் தெரிகிறது. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: பசியால் அழும் அகதிச் சிறுவன், யாழ்ப்பாணம்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கன்னத்தைத் தொடுவதற்காக விரலை வைத்தார். படம் நழுவி அடுத்த படம் வந்துவிட்டது.

"ஐயோ, எங்கை போனவன்?" என்று பதறினார்.

திரும்ப எடுத்துக் கொடுத்தேன். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன்.

"பசியோ? ஆர் சொன்னது? வழியெல்லாம் றொட்டி குடுத்துக்கொண்டெல்லோ வந்தனான். அவன் கோழிக்கு அழுதவன்."

உண்மைதான். சண்டைக்குப் பயந்து கொக்குவிலிலிருந்து ஊரோடு ஊராக வெளிக்கிட்ட அன்று, தம்பி தன் கோழியையும் ஒரு கூடையில் கொண்டுவந்தான். அரியாலைக்கு வரும்போதே சனநெரிசலில் நகர முடியவில்லை. அம்மாவின் தலையில் உடுப்பு மூட்டை, என் கையில் பாய். அவனையும் கூடையையும் சேர்த்துத் தூக்க அப்பாவால் ஏலவில்லை. யாரோ ஒருவரின் வேலிக்குள் கோழியைத் திறந்து விட்டார். அதற்குத்தான் அந்த அழுகை. படம் எடுத்தவரை நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை.

கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மருந்து கிடைக்கவில்லை. அங்கேயே போய்விட்டான். ஐந்து வயது. நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டில் கூரையும் இல்லை, படங்கள் ஒட்டிய அல்பங்களும் இல்லை.

காலமான அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் தம்பியையும் மாட்டவேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டார். ஸ்டூடியோவுக்குப் போனோம். கணினிக்கு முன்னால் இருந்த பெண் பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"அம்மா, சிரிக்கிற மாதிரி மாத்தித் தரட்டே?"

அம்மா தலையாட்டினார். திரையில் கண்ணீர் மறைந்தது. உதடு விரிந்து பல்வரிசை தெரிந்தது. வடிவான பிள்ளை.

அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆற்றை பிள்ளை உது?"

"உங்கடை மகன்தான், அம்மா."

"என்ரை பிள்ளை சிரிச்சா ரெண்டு கண்ணும் மூடிப்போம். முன்பல்லும் ஒண்டு இல்லை. உவனை எனக்குத் தெரியாது, பிள்ளை."

அந்தப் பெண் பழைய படத்தைத் திரும்பக் கொண்டுவந்தாள்.

பஸ்ஸில் வரும்போது அவன் சிரித்த முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை. கைபேசியில் அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்குள்ளும் அவன் அழுதுகொண்டேதான் இருக்கிறான். அதற்கு முன்பு மங்கலாகவேனும் ஏதோ ஒரு சிரிப்பு இருந்தது.

அழுகிற படத்தைத்தான் சட்டம் போட்டு மாட்டினோம். அவனுடைய திவசத்தன்று அம்மா அதன் முன்னால் சோறு கறி படைத்துக் கற்பூரம் கொளுத்தினார். பிறகு எனக்கு வாழை இலை போட்டார்.

"நீங்களும் இருங்கோவன், அம்மா."

"அவன் உப்பிடி அழுதுகொண்டிருக்க எப்பிடியடி நான் சாப்பிடுறது?"

சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.