ஆறு மணி கழியட்டும்

சர்வரின் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றியது நான்தான். மும்பை செம்பூரில் பத்துப் பேர் வேலை பார்க்கும் எங்கள் அலுவலகம், தமிழர்களுக்கு வரன் பார்க்கும் ஓர் இணையதளத்தைப் பராமரித்து வந்தது. மாற்றிய மறுநாளிலிருந்து அந்தத் தளம் நினைத்தால் படுத்துக்கொண்டது. ஒரு நாள் காலையில், ஒரு நாள் மத்தியானம், சில நாள் ஒன்றுமே நடக்காது. திரும்ப இயக்கினால் சமர்த்தாக ஓடும்.

மூன்று வாரம் முட்டி மோதினேன். மெமரியைப் பார்த்தேன், டிஸ்க்கைப் பார்த்தேன். கூட்டம் அதிகமோ என்றால், ஒரு நாளைக்கு வந்தவர்களின் மொத்தக் கணக்கில் அப்படியொன்றும் கூட்டமே இல்லை. விழுந்த நேரங்களை மட்டும் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். முதலாளி குஜராத்திக்காரர், கத்தமாட்டார். சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டு, திங்களன்று மத்தியானம் புனேயிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், சர்வரை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு நீ வாடிக்கையாளர் போன்களை எடு என்றார். நான்கு வருஷம் நான் கட்டிக் காத்த சர்வர். கோபம் பொத்துக்கொண்டு வந்தது, முக்கால்வாசி என் மேலேயே.

ஞாயிறு சாயங்காலம் தாராவியில் எங்கள் பக்கத்து வீட்டு அத்தை போனோடு வந்தாள். அலுவலகத்தில் யாராவது வீடு எங்கே என்று கேட்டால் நான் பக்கத்திலிருக்கும் சயான் பெயரைத்தான் சொல்வேன். தாராவி என்று சொன்னதேயில்லை. அத்தை மகனுக்குப் பெண் தேடுவது எங்கள் தளத்தில்தான். கண் சரியாகத் தெரியவில்லை என்று பட்டனை அமுக்க என்னிடம் வருவாள். அன்றைக்கு ஒரு பெண்ணை அவளுக்குப் பிடித்துப்போனது. 'விருப்பம் தெரிவி' என்ற இடத்துக்கு என் விரல் போவதற்குள் கையைப் பிடித்துவிட்டாள்.

"பொறு பிள்ள, ராவுகாலம்லா. ஆறு மணி கழியட்டும், பொறவு அமுக்கு."

நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் ராகு காலம் பார்ப்பதில்லை. சரி என்று டீ போட்டுக் குடித்தோம். ஆறு மணிக்கு அத்தை தலையாட்டினாள், அமுக்கினேன். பக்கம் திறக்கவில்லை. அடுத்த நிமிஷம் என் போனும் அடித்தது: சர்வர் விழுந்துவிட்டது.

சகுனம் சரியில்லையோ என்று அத்தைக்குக் கவலை. எனக்கோ அந்த 'ஆறு மணி கழியட்டும்' பொறி தட்டியது. என் நோட்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுச் சுவரில் தொங்கிய நாள்காட்டி முன்னால் போய் நின்றேன். திங்கள் ஒன்பது, புதன் ஒன்றரை, வெள்ளி பன்னிரண்டு. விழுந்த ஒவ்வொரு தடவையும் ராகு காலம் முடிந்த கையோடுதான் விழுந்திருக்கிறது. ஊரெல்லாம் உள்ள அத்தைகள் ஒன்றரை மணி நேரம் விரலை அடக்கி வைத்திருந்து ஒரே நிமிஷத்தில் அமுக்குகிறார்கள்.

அதன் பிறகு காரணம் அரை மணியில் கிடைத்தது. ஒரே சமயத்தில் எத்தனை பேர் உள்ளே வரலாம் என்ற அளவைப் பழைய பதிப்பில் யாரோ கையால் உயர்த்தி வைத்திருந்தார்கள். புதிய பதிப்பு தன்னுடைய சின்ன அளவைப் போட்டுக்கொண்டது. ஒப்பிட்டுப் பார்க்காதது என் தப்பு. வீட்டிலிருந்தே திருத்தினேன்.

திங்கட்கிழமை எட்டே முக்காலுக்கு முதலாளியைத் திரை முன்னால் உட்கார வைத்து, ஒன்பது மணிக்குக் கூட்டம் வரும், ஆனால் சர்வர் விழாது என்றேன். ஒன்பதுக்கு, திரையில் கூட்டத்தைக் காட்டும் கோடு விறுவிறுவென்று ஏறியது. சர்வர் அசையவில்லை. நாளைக்கு எப்போது வரும் என்று கேட்டார். நாலரைக்கு என்றேன். புனேக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

செவ்வாய் நாலரைக்கு அலுவலகமே என் நாற்காலிக்குப் பின்னால் நின்றது. கோடு ஏறியது, சர்வர் விழவில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை, மறைப்பானேன். இதையெல்லாம் உனக்கு யார் சொன்னது என்று முதலாளி கேட்டார்.

எங்கள் பக்கத்து வீட்டு அத்தை என்றேன். அப்புறம், அவர் கேட்காமலேயே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: வீடு தாராவியில்.