பரக்கத் அலியின் உள்ளங்கை

1961-ல் பாலக்கரையில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு பையன் இரண்டு கையிலும் மருதாணியோடு வந்தான். கூடவே அவன் அம்மா நஜீமா. நான் அங்கே நர்ஸ்.

"மாப்பிள்ளைக்கு உடம்புக்கு என்ன?" என்றேன்.

"நீங்களுமா சிஸ்டர்? பாலிடெக்னிக்ல எல்லாரும் கேட்டு முடிச்சாச்சு."

பரக்கத் அலி கையை நீட்டினான். உள்ளங்கையிலிருந்து வேர்வை சொட்டியது. மருதாணி அதை அடக்கும் என்று அம்மா வைத்துவிட்டிருக்கிறார். கை சிவந்ததுதான் மிச்சம்.

எலெக்ட்ரிகல் டிப்ளமா படித்துக்கொண்டிருந்தான். தர்கா கந்தூரி விழாவுக்கு சீரியல் லைட் கட்டுகிறவர்களுக்கு ஏணி பிடித்த நாளிலிருந்தே இந்தப் படிப்புதான் என்று இருந்தவன். அவன் அத்தா தன் தோல் மண்டிக்குக் கூப்பிட்டும் போகவில்லை. வேர்வையில் வரைபடத் தாள் நனைந்து கிழிந்ததைப் பாலிடெக்னிக்கில் பொறுத்துக்கொண்டார்கள். ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டு ஷாக் அடித்து விழுந்ததும், ஆசிரியர் அற்புதசாமி அவனை லேப் வாசலிலேயே நிறுத்திவிட்டார். கை காயவேண்டும், இல்லாவிட்டால் சிவிலுக்கு மாறவேண்டும்.

"சிவிலும் கௌரவமான படிப்புதானே?" என்றார் நஜீமா.

"அப்ப நீங்க போய்ப் படிங்கம்மா."

நரம்பு தளர்ந்தவர்களுக்குக் கரண்ட் வைக்கும் பெட்டி ஒன்று எங்களிடம் இருந்தது. தட்டில் தண்ணீர் ஊற்றி, கைகளை அதில் வைத்து லேசாகக் கரண்ட் விட்டால் வேர்வை குறையும் என்று டாக்டர் எங்கோ படித்திருந்தார்.

நஜீமா எழுந்து நின்றுவிட்டார். "யா அல்லா! கரண்ட் அடிச்சுதானே இங்க கூட்டிட்டு வந்தேன்!"

முதலில் என் கைகளை வைத்துக் காட்டினேன். அப்புறம்தான் உட்கார்ந்தார். பையன் கைகளைத் தண்ணீரில் வைத்தான். கண் பெட்டியின் மீட்டர் முள்ளிலேயே இருந்தது.

"எத்தனை மில்லியாம்பியர் சிஸ்டர்?"

"கையை அசைக்காதே."

"மூக்கு அரிக்குதே."

நஜீமா கையைக் கொண்டுபோய்ப் பாதியில் நிறுத்தினார். "தொட்டா எனக்கும் அடிக்குமா?"

"அடிக்காது."

கண்ணை இறுக மூடிக்கொண்டு மகன் மூக்கைச் சொறிந்துவிட்டார்.

பல வாரம் வந்தார்கள். வேர்வை முழுக்க நிற்கவில்லை, குறைந்தது. அற்புதசாமி ஒரு சாக்பீஸை அவன் கையில் கொடுத்து மூடச் சொன்னாராம். தன் பாடத்தை நடத்தி முடித்துவிட்டுத் திறக்கச் சொன்னார். சாக்பீஸ் காய்ந்தே இருந்தது. "கிளவுஸ் போட்டுக்க. உள்ள வா" என்றார்.

டிப்ளமா முடித்து மின்சார வாரியத்தில் சேர்ந்தான். ஜீயபுரம் பக்கம் வாழைத் தோட்ட மோட்டார்களுக்கு லைன் இழுத்தவர்களில் அவனும் ஒருவன்.

லேபுக்குள் அவன் மறுபடி போன அன்று, பாலிடெக்னிக் கேட்டுவரை உடன் போயிருந்த நஜீமா வீட்டுக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்தார்.

"உள்ள போயிட்டான் சிஸ்டர்."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். பயமா இருக்கு."

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். லேப் விடும் நேரம்வரை அங்கேயே இருந்தார்.