பெட்டிப் பக்கத்தில் நின்ற நாள்

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. ஓய்வு பெற்றதும், தான் பார்த்த ஊர்களை எனக்கும் காட்டவேண்டும் என்று கிளம்பினார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தூத்துக்குடி வீட்டைப் பூட்டிச் சாவியைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு இரண்டு வருஷம் சுற்றினோம்.

என்ன கற்றுக்கொண்டாய் என்று கோயிலில் பெண்கள் கேட்கிறார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. தெரிந்ததைச் சொல்வேன். தங்கும் ரூமில் ரைஸ் குக்கரில் மீன்குழம்பும் வைக்கலாம், வாடை போக ஜன்னலைத் திறந்து வைக்கவேண்டும். குளிர் ஊரில் அவருக்குப் பேச்சுக் குறைந்துவிடும் என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது.

பாஸ்போர்ட் இரண்டும் அவர் சட்டைப்பையில்தான் இருக்கும். "ஒன் கையில குடுத்தா மீனுக்கு மாத்திட்டு வந்துருவ ஏளா" என்பார். நான் யாரிடமும் பேசமாட்டேன். இங்கேயே நில் என்று அவர் சொன்னால் பெட்டிப் பக்கத்தில் நிற்பேன். கப்பல்காரன் பெண்டாட்டி தேடிப் போய்ப் பழகியவள் இல்லை. இருந்த இடத்தில் இருந்தால் ஆள் வந்துவிடும்.

ஹாம்பர்க் ரயில் நிலையத்தில் காலையில் டிக்கெட் எடுக்கப் போனார். நான் செபமாலை சொல்லிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். வழியை மறித்த எங்கள் பெட்டியை இழுத்து ஒதுக்கினேன். மறுபடியும் நின்றேன். மத்தியானம் தாண்டியது. தேடவேண்டும் என்று தோன்றவே இல்லை.

பிறகு ஒரு போலீஸ்காரப் பெண் என் பாஸ்போர்ட்டோடு வந்து என் முகத்தைப் பார்த்தாள். அவர் பையில் இரண்டு இருந்ததால்தான் இன்னொரு ஆள் உண்டென்று தேடியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் இலங்கைத் தமிழ் அம்மாள் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். டாக்டர் சொன்னதை அவர் எனக்கு மெதுவாகச் சொன்னார். மூளையில் ரத்தம் கட்டி அடைத்திருக்கிறது. கரைக்க ஊசி உண்டு, சில மணி நேரத்துக்குள் போடவேண்டும். ரத்தம் இளக்கும் மாத்திரை தின்கிறவருக்குப் போட்டால் ஆபத்து. நெஞ்சிலிருந்த தழும்பைப் பார்த்து இதய ஆபரேஷன் நடந்தவர், அந்த மாத்திரை தின்கிறவர் என்று சந்தேகப்பட்டிருக்கிறார்கள். அது கப்பலில் தகடு கிழித்த தழும்பு. அவரால் சொல்ல முடியவில்லை. ஊசி போடாமலே நேரம் தாண்டிவிட்டது.

"மருந்துச் சீட்டு உங்களிட்டையோ இருந்தது?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

என் கைப்பையில் இருந்தது. சர்க்கரைக்கு மட்டும்தான் மாத்திரை. டாக்டர் வாங்கிப் படித்தார். மடித்துத் திருப்பித் தந்தார்.

ஊருக்கு வந்துவிட்டோம். அவருக்கு வலது கை வராது. பேச்சு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. போன வாரம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"அங்கன விழுந்து கெடக்கும்போது பயமில்ல. நீ நின்ன எடத்துலயே நிப்பன்னு தெரியும்."

சீட்டைப் பற்றி அவரிடம் நான் இதுவரை சொன்னதில்லை. அப்போது சொல்லியிருக்கலாம். வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டு, முழுங்குங்க என்றேன்.