டிரெட்மில் காட்டிய நானூறு கலோரி

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். உடற்கல்வி படித்துவிட்டு, தென்காசியில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளராக இருக்கிறேன். அம்மாவுக்கு என் வேலையை விளக்கத் தெரியாது. கூட உட்கார்ந்து பீடி சுற்றுகிறவர்களிடம், "எம்மவன் மெஷின்ல வேலை பாக்கான்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். என்ன மெஷின் என்று கேட்டால் ஓடுகிற மெஷின். எங்கே ஓடும் என்று கேட்டால், எங்கேயும் ஓடாது, நின்ற இடத்திலேயே ஓடும். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

பாத்திரக்கடை அண்ணாச்சி எங்களிடம் வந்து சேர்ந்தது போன சாரல் சீசன் தொடங்குகிற சமயம். டாக்டர் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். அடுத்த ரத்தப் பரிசோதனைக்குள் சர்க்கரை இறங்காவிட்டால் மாத்திரை போதாது, தினமும் வயிற்றில் இன்சுலின் ஊசி. அண்ணாச்சியுடைய கூடப்பிறந்த மூத்தவருக்கு இப்படித்தான் ஊசி தொடங்கியதாம். அடுத்த வருஷம் கால் விரல் ஒன்றை எடுத்தார்களாம். ஊசியால் விரல் போகவில்லை, சர்க்கரையைக் கவனிக்காததால் போனது என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. அவர் மனசில் ஊசியும் விரலும் ஒரே வரிசையில் நின்றன.

ஆனால் காலையில் தவறாமல் வருவார். டிரெட்மில்லில் ஏறினால் முக்கால் மணி நேரம் இறங்க மாட்டார். இறங்கியதும் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வார். நானூறு கலோரிக்குக் குறைந்து ஒரு நாளும் காட்டியதில்லை. மற்றவர்களுக்கு நான் அவரைத்தான் உதாரணம் காட்டிக்கொண்டிருந்தேன்.

சில வாரம் கழித்து எடை பார்த்தால், ஏறியிருந்தது.

எடை பார்க்கும் கருவியில் கோளாறு என்றார் அண்ணாச்சி. நான் ஏறிப் பார்த்தேன், என் எடையைச் சரியாகத்தான் காட்டியது. மறுநாள் அவர் பக்கத்திலேயே நின்று கவனித்தேன். மெஷின் எடையைக் கேட்டது. அண்ணாச்சி தன் எடையோடு இன்னொரு ஆளின் எடையையும் சேர்த்த மாதிரி ஓர் எண்ணைப் போட்டார். ஏன் என்று கேட்டேன். கூடுதலாகப் போட்டால் கலோரி கூடுதலாக வருகிறது, போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன் என்று பெருமையாகவே சொன்னார். பிறகு நடக்கத் தொடங்கினார். நடந்தார் என்று சொல்வதைவிடத் தொங்கினார் என்று சொல்லலாம். குற்றாலம் போகும் மினிபஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கிறவர் மாதிரி கைப்பிடியில் பாதி உடம்பைச் சாய்த்துக்கொண்டு, டிவியில் செய்தி பார்த்தபடி போனார். கால் மட்டும் பேருக்கு நகர்ந்தது.

மீதிக் கதையை அண்ணாச்சியின் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி, போனில் சொன்னார்கள். பயிற்சி முடிந்ததும் அண்ணாச்சி வீட்டுக்கு வருவதில்லை. ஸ்கூட்டர் நேராகக் குற்றாலம் போகும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் ஒரு குளியல். அருவியில் நின்றுவிட்டு வந்தால் பசி சும்மா விடுமா? அங்கேயே பரோட்டா, சால்னா. நானூறை எரித்தாயிற்று, நானூறுக்குச் சாப்பிட்டால் சரிக்குச் சரி என்பது அவர் கணக்கு. பரோட்டாவுக்கு எவ்வளவு என்பதை மட்டும் அவரே மனசுக்குத் தோன்றியபடி வைத்துக்கொண்டார். அதில் எண்ணெய்க்கும் சால்னாவுக்கும் இடமில்லை.

எனக்குத் தூக்கம் வரவில்லை. படித்ததை எல்லாம் மறுபடி புரட்டினேன். காலையில் அவரை உட்கார வைத்து, அவருக்குப் புரிகிற மாதிரி சொல்வதாக நினைத்துக்கொண்டு அவர் தொழிலையே எடுத்தேன்.

"அண்ணாச்சி, பழைய குத்துவிளக்கைப் போட்டுப் புதுசு கேட்டா, அரக்கு, அழுக்கு, ஈயப்பத்துன்னு எடையில கழிவு போட்டுத்தானே எடுப்பிய? இதுலயும் கழிக்கணும். நீங்க சும்மா கட்டில்ல கிடந்தாலும் உடம்பு கொஞ்சம் எரிக்கும். மெஷின் அதையும் சேத்துத்தான் காட்டும். கைப்பிடியில சாஞ்சா அதுக்கும் கழிக்கணும். எடை வேற உங்க எடையே இல்ல."

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏலே, இந்த ஊருக்கே கழிவு போடுதவன் நான். எனக்கே கழிவு போடுதியா?"

இருந்தாலும் அன்றைக்கு நான் சொன்னபடி நடந்தார். சரியான எடையைப் போட்டு, கைப்பிடியை விட்டு. மூச்சு வாங்கியது, சட்டை நனைந்தது. முந்திய நாளைவிடப் பல மடங்கு உண்மையான உழைப்பு. திரையில் இருநூறைக்கூட எட்டவில்லை. அதிலும் கழிவு உண்டு என்று நான் சொல்ல வாயெடுத்தபோது, அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் டிரெட்மில் பக்கமே வரவில்லை. கையையும் காலையும் சேர்த்து ஆட்டுகிற எலிப்டிகல் மெஷினில் ஏறி நின்றார். அது தாராளமாகக் காட்டும். "இது நல்ல மனுசம்லே" என்று அதன் தலையைத் தட்டிக்கொடுத்தார். இந்த வகை மெஷின் இன்னும் கூட்டித்தான் காட்டும் என்று நான் அங்கேயும் போய்ச் சொன்னேன். சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. படித்த படிப்பு அப்படி.

அதோடு அண்ணாச்சி வருவது நின்றுபோயிற்று.

முதல் இரண்டு நாள் கடையில் வேலை இருக்கும் என்று நினைத்தேன். ஒரு வாரமாயிற்று. எங்கள் முதலாளி, நம்பரைக் குறைத்து ஆளையே குறைத்துவிட்டாயே என்றார். அவருக்கு அது கேலி. எனக்கு வேறு கவலை. பரிசோதனை நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பொய்க் கணக்கானாலும் அந்த மனுஷன் தினமும் முக்கால் மணி நேரம் காலை அசைத்துக்கொண்டிருந்தார். சரியான கணக்கு அதையும் பிடுங்கிக்கொண்டது என்றால், அந்தச் சரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கடைக்குப் போனேன். அண்ணாச்சி எவர்சில்வர் குடங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் ஒரு குடத்தை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். மதினிதான் டீ கொடுத்து, ராத்திரியெல்லாம் கால் விரலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றார்கள். அண்ணாச்சி மதினியை முறைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"உன் கணக்கு சரிதாம்லே. நான் இல்லைங்கல. ஆனா உசிரக் கொடுத்து நடந்துட்டு, அந்த சொட்டு நம்பரைப் பாத்தா, மறுநா காலு வரமாட்டேங்கு."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். அப்படியென்றால் பார்க்க வேண்டாம் அண்ணாச்சி என்றேன். திரை மேல் துண்டைப் போட்டுவிடுவோம். அரை மணி நேரம் ஆனதும் நான் சொல்கிறேன். அதுவரை கைப்பிடியைத் தொடாமல், பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில் நடந்தால் போதும். தனக்கு எந்த வேகத்திலும் பாட வராது என்றார். மதினி சிரித்துவிட்டார்கள். மறுநாள் வந்துவிட்டார்.

துண்டு போட்ட டிரெட்மில் எங்கள் கூடத்தில் பெரிய வேடிக்கையாயிற்று. மெஷினுக்குக் குளிருதா என்று ஒருவர் கேட்டார். அண்ணாச்சி எதையும் கண்டுகொள்ளவில்லை. அவருக்கு வேறு சிக்கல் வந்திருந்தது. நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ என்னிடம் வந்து ரகசியமாகப் புலம்பினார். குளித்துவிட்டுப் பரோட்டாக் கடையில் போய் உட்கார்ந்தாராம். சப்ளையர் எத்தனை என்று கேட்டிருக்கிறார். இவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

"எத்தனை எரிச்சிருக்குன்னு தெரியாம எத்தனை சொல்ல? சும்மா தின்னா திருட்டுத் தீனி மாதிரில்லா இருக்கு. டீயைக் குடிச்சிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்."

நான் நினைத்தே பார்க்காத பலன் இது. ஆனால் நினைத்துத்தான் செய்தேன் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன்.

பரிசோதனை முடிவு வாங்கப் போன அன்று துணைக்கு என்னையும் கூப்பிட்டார். டாக்டர் அறைக்குள் மதினியும் அவரும் போனார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, என் பரீட்சை முடிவுக்குக்கூட இப்படிப் பயந்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்த மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டேன். பிறகுதான் சிரித்தார்கள். சர்க்கரை இறங்கியிருக்கிறது. இன்னும் இறங்க வேண்டும். இப்போதைக்கு ஊசி வேண்டாம், மாத்திரை போதும், நடப்பதை நிறுத்தக் கூடாது. அண்ணாச்சி மதினியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, என்னிடம் வண்டியில் ஏறு என்றார்.

குற்றாலத்தில் நல்ல சாரல். பரோட்டாக் கடையில் எனக்கு மூன்று சொன்னார், தனக்கு ஒன்று. கல்லிலிருந்து எடுத்து அடித்த சூட்டோடு வந்தது. நான் அதில் மினுங்கிய எண்ணெயைப் பார்த்தேன். என் உதடு அசைந்ததோ என்னவோ, அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"இதுல எத்தனைன்னு மட்டும் சொல்லீராதே. நல்லாருப்ப."

நான் சொல்லவில்லை. அவர் அந்த ஒன்றைப் பிய்த்துப் பிய்த்து வெகுநேரம் சாப்பிட்டார். சப்ளையர் இரண்டாவதைக் கொண்டுவந்தபோது இலையின் மேல் கையை விரித்து மறைத்துக்கொண்டார். நான் மூன்றையும் முடிக்கும்வரை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும், எப்பவாவது ஒன்று சாப்பிட்டால் ஊசி வந்துருமாலே என்று கேட்டார். அந்தக் கேள்வியில் விளையாட்டு இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வராது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது, ஆனால் இப்படியே நடந்துகொண்டிருந்தால் வராமல் இருக்க நிறைய வழி உண்டு என்றேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்கூட்டர் சாவியை என் கையில் வைத்துவிட்டு, தென்காசி ரோட்டில் நடக்கத் தொடங்கினார்.

நான் வண்டியைக் கிளப்பாமல் மெதுவாக உருட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போயின. பைக்கில் வந்த ஒருவர் பக்கத்தில் நிறுத்தி, பெட்ரோல் தீர்ந்துபோச்சா என்று அக்கறையாகக் கேட்டார். அண்ணாச்சி திரும்பிப் பார்க்காமலே, போங்க போங்க என்று கையைக் காட்டிவிட்டு நடந்தார்.